பாசெட் ஹார்னா, ஆல்ட்டோ கிளாரினெட்டா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 8 ஆண்டுகளாக பி ஃப்ளாட் கிளாரினெட் வாசிக்கிறீர்கள். வாரம் ஒருமுறை விண்ட் பேண்ட் (காற்றுக்கருவிகளின் குழு), மாதம் இரண்டு நாள் நண்பர்களோடு நால்வர் கிளாரினெட் குழு. அடுத்த ஆண்டு உங்கள் ஊர்ப் பாடகர் குழு மோட்சார்ட்டின் ரெக்வியத்தை (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) எடுக்கப்போகிறது, அதற்கு பாசெட் ஹார்ன் என்ற கீழ்ஸ்தாயி கிளாரினெட்டை வாசிக்க ஆள் தேடுகிறார்கள். இந்த நேரத்தில் ஒருவர் அதே குடும்பத்தின் இன்னொரு கீழ்ஸ்தாயிக் கருவியான தன் பழைய ஆல்ட்டோ கிளாரினெட்டைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, ஆல்ட்டோவை வாங்கினால் எல்லா வேலையும் முடிந்துவிடாதா?" என்பது உங்கள் கேள்வி. உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள். பாசெட் ஹார்ன் வாசிக்க வேண்டிய இடத்தில் ஆல்ட்டோ நிற்குமா என்பது ஒன்று. பல மடங்கு விலை கொடுத்து பாசெட் ஹார்னே வாங்குவதில் அர்த்தம் உண்டா என்பது இன்னொன்று.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 20 ஆண்டுகளுக்கு மேலாக அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களிலும் பேண்டுகளிலும் கீழ்ஸ்தாயி கிளாரினெட்டுகள் வாசித்து வருகிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். கருவி செய்பவன் இல்லை. ஜெர்மன் விரல்முறைக் கருவிகளில் எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் கீழே நான் சொல்வதெல்லாம் உங்களுக்கும் பழகிய போம் முறைக் கருவிகளைப் பற்றியது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். பாசெட் ஹார்ன் எஃப் சுருதிக் கருவி, எழுதியதைவிட ஐந்தாம் இடைவெளி கீழே ஒலிக்கும். ஆல்ட்டோ ஈ ஃப்ளாட் கருவி, எழுதியதைவிட ஆறாம் இடைவெளி கீழே ஒலிக்கும். அப்படியென்றால் ஆல்ட்டோதானே அதிகம் கீழே போக வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் பாசெட் ஹார்னின் கூடுதல் கீகள் வேலை செய்கின்றன. உங்கள் பி ஃப்ளாட் கிளாரினெட் எழுத்தில் ஈயோடு நின்றுவிடுகிறது. பாசெட் ஹார்ன் அதற்கும் கீழே ஈ ஃப்ளாட், டி, சி ஷார்ப், சி என்று நான்கு படி இறங்கும். எழுத்தில் சி, காதில் எஃப். ஆல்ட்டோவின் கடைசிப் படி எழுத்தில் ஈ ஃப்ளாட், காதில் ஜி ஃப்ளாட். ஆக அடிமட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு அரைச்சுரம். குழாயின் நீளமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 5 அல்லது 6 சென்டிமீட்டர் வரும். அவ்வளவுதான். "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. எந்தெந்த ஸ்வரம் கிடைக்கும் என்று பார்த்தால் இவை இரட்டைப் பிள்ளைகள்.

ஆனால் குரல் வேறு. அதற்கு முக்கியக் காரணம் குழாயின் உள்விட்டம். உங்கள் பி ஃப்ளாட் கிளாரினெட்டின் உள்விட்டம் 15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஒடுங்கிய வகை பாசெட் ஹார்ன் அதைவிட ஒரு மில்லிமீட்டர்தான் கூட இருக்கும், நீளமோ அதைவிட வெகு அதிகம். அவ்வளவு நீளத்துக்கு அவ்வளவு ஒடுக்கமான குழாய் என்பதால்தான் அந்தக் குரலில் ஒரு திரை விழுந்த மாதிரி இருக்கிறது: இருட்டாகவும் மெலிந்தும், சற்று மூக்கடைத்தது போலவும். ஆல்ட்டோவின் உள்விட்டம் பெரும்பாலும் 17 மில்லிமீட்டர் பக்கம் அல்லது அதற்கும் மேலே. அதன் குரல் உருண்டையானது, நிறைவானது, கூட்டத்தோடு கலந்து நிற்கத் தோதானது. நடுவிலும் சில பாசெட் ஹார்ன்கள் உண்டு. அகன்ற குழாயோடு, ஆல்ட்டோ மவுத்பீஸையே போட்டு வாசிக்கும் மாடல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அவற்றுக்கும் நல்ல ஆல்ட்டோவுக்கும் உள்ள தூரம் ரொம்பக் குறைவு. "பாசெட் ஹார்ன் குரல்" என்று ஒன்று மட்டும் இருப்பதாக நினைத்துப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒடுங்கிய வகையில் உங்களுக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. இப்போது வைத்திருக்கும் அதே பி ஃப்ளாட் மவுத்பீஸை, அதே ரீடை (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) அதில் போட்டு ஊதலாம். வாய்க்கட்டு, அதாவது உதட்டால் பிடிக்கும் விதம், மாற வேண்டியதில்லை. கையில் எடுத்த அன்றே ஒரு மெட்டு வாசித்துவிடுவீர்கள், கீழேயுள்ள நான்கு ஸ்வரங்களுக்கு வலது கட்டைவிரலும் சுண்டுவிரல்களும் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆல்ட்டோவுக்கு மவுத்பீஸ் தனி, ரீடும் தனி. அக்கம்பக்கத்துக் கடையில் ஆல்ட்டோ கிளாரினெட் ரீடு கிடைக்காத நேரங்களில் ஆல்ட்டோ சாக்ஸபோன் ரீடைப் போட்டுச் சமாளிப்பவர்கள் நிறையப் பேர். நானும் செய்திருக்கிறேன். பல மவுத்பீஸ்களில் நன்றாகவே பொருந்துகிறது.

இனி, முடிவை உண்மையில் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: உங்கள் ஸ்டாண்டில் எந்தத் தாள் வந்து உட்காரப்போகிறது? பாசெட் ஹார்னுக்கு எழுதியவர்களின் வரிசை சிறியது, ஆனால் அந்த வரிசையின் தலையில் மோட்சார்ட் இருக்கிறார். 13 கருவிகளுக்கான கிரான் பார்ட்டிட்டாவில் இரண்டு பாசெட் ஹார்ன்கள். அதன் மூன்றாம் பகுதியான அடாஜியோவில் ஓபோ, கிளாரினெட், பாசெட் ஹார்ன் மூன்றும் மெட்டை ஒன்றன் கையிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்று பாசெட் ஹார்ன்கள் மட்டும் வாசிக்கும் டைவர்ட்டிமென்டோக்கள் உண்டு. 1791 செப்டம்பரில் பிராகில் அரங்கேறிய 'லா கிளெமென்சா டி டிட்டோ' ஓபராவில் விட்டேலியாவின் பெரிய தனிப்பாடலோடு பாசெட் ஹார்ன் கூடவே பேசிக்கொண்டு போகும். அதை வாசித்தவர் அன்டன் ஸ்டாட்லர், அவருக்காகத்தான் கிளாரினெட் கான்செர்ட்டோவும் பிறந்தது. அந்தக் கான்செர்ட்டோவின் முதல் பகுதியை மோட்சார்ட் முதலில் ஜி சுருதி பாசெட் ஹார்னுக்கு எழுதத் தொடங்கி, 199 தாள அளவைகளோடு நிறுத்திவிட்டார். அந்தக் கைப்பிரதித் துண்டு இன்றும் இருக்கிறது.

அப்புறம் ரெக்வியம். அதன் ஆர்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல் இல்லை, ஓபோ இல்லை, சாதாரண கிளாரினெட் இல்லை, பிரெஞ்சு ஹார்னும் இல்லை. மரக்காற்றுக் கருவிகள் என்று இருப்பவை இரண்டு பாசெட் ஹார்ன்கள், இரண்டு பசூன்கள் மட்டும். மரக்காற்றில் பளிச்சென்று ஒலிப்பவற்றையெல்லாம் விலக்கி வைத்துவிட்டு இந்த நான்கை மட்டும் அவர் வைத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. 'ரெக்கார்டாரே' பகுதியின் தொடக்கத்தைப் பாருங்கள். கீழே செல்லோ மெல்ல நகர்கிறது. மேலே இரண்டு பாசெட் ஹார்ன்கள், ஒன்று நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் மேல் மற்றது வந்து உரசி, உடனே விலகி வழிவிடுகிறது. அந்த உரசல் வலிக்க வேண்டும், குத்தக் கூடாது. ஒடுங்கிய குழாயின் குரல் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. ஆல்ட்டோவில் அதே இடத்தை வாசிக்கும்போது நான் மூச்சைக் குறைத்து, உதட்டை இன்னும் கவனமாகப் பிடித்து, அந்த மென்மையை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டியிருந்தது. முடியும். ஆனால் உழைப்பு.

மோட்சார்ட்டுக்குப் பிறகு வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பீத்தோவன் 1801இல் பிரமீதியஸ் பாலேயில் ஒரே ஒரு இடத்தில் பயன்படுத்தினார். மெண்டல்சோன் கிளாரினெட், பாசெட் ஹார்ன், பியானோ மூன்றுக்கும் இரண்டு கச்சேரித் துண்டுகளை கிளாரினெட் வாசிப்பாளர்களான ஹைன்ரிஷ் பேர்மன், அவர் மகன் கார்ல் இருவருக்காகவும் எழுதினார். பேர்மன் சமைத்துக்கொடுத்த பலகாரங்களுக்குக் கைம்மாறாகப் பிறந்தவை அவை. உங்கள் நால்வர் குழுவில் யாராவது பியானோ வாசிப்பவரைத் தெரிந்து வைத்திருந்தால் இவற்றை விடாதீர்கள், வாசிப்பதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1909இல் 'எலெக்ட்ரா'வில் இதைத் திரும்பக் கொண்டுவந்தார், முதுமையில் எழுதிய காற்றுக்கருவிச் சொனாட்டினாக்களிலும் வைத்தார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷ்டோக்ஹவுசன் நிறைய எழுதியிருக்கிறார், ஆனால் அவை நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு எட்டாத தூரம்.

ஆல்ட்டோவின் வாழ்க்கை வேறு வீட்டில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈவான் முல்லர் கையில் உருவாகி, பின்னால் அடால்ஃப் சாக்ஸ் கையில் செம்மைப்பட்டு, ராணுவ பேண்டுகளிலும் விண்ட் பேண்டுகளிலும் போய்ச் சேர்ந்தது. பேண்டுக்கு எழுதிய பெரியவர்களில் பெர்சி கிரேஞ்சர் இதை மதித்தவர். 1937இல் அவர் எழுதிய 'லிங்கன்ஷயர் போசி'யில் இதற்குத் தனி பார்ட் (ஒரு கருவிக்கான தாள்) இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி 1964இல் கென்னடி நினைவாக எழுதிய சிறிய இரங்கற்பாடலில் குரலோடு இரண்டு பி ஃப்ளாட் கிளாரினெட்டும் ஒரு ஆல்ட்டோவும் மட்டும்தான். தனி வாசிப்புக்கான பெரிய படைப்புகள் என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கிளாரினெட் நால்வர் குழுவுக்கும் பெரிய கிளாரினெட் குழுக்களுக்கும் வரும் அச்சுத்தாள்களில் ஆல்ட்டோ பார்ட் ஏராளம். மூன்றாம் பி ஃப்ளாட்டுக்கு மாற்றாக அதைப் போட்டிருப்பார்கள். பி ஃப்ளாட்டுக்கும் பாஸ் கிளாரினெட்டுக்கும் நடுவே ஆல்ட்டோ ஒன்று வந்து உட்கார்ந்ததும் குழுவின் ஒலி எப்படி மாறுகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மறுபடியும் மூன்று பி ஃப்ளாட்டோடு வாசிக்க மனம் வராது.

தாள் படிப்பதிலும் ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு. ஆல்ட்டோ ஈ ஃப்ளாட் என்பதால், ஆல்ட்டோ சாக்ஸபோன் பார்ட் எதையும் அப்படியே வைத்து வாசிக்கலாம். பேண்டில் ஆள் வராத நாட்களில் இது எத்தனை முறை கைகொடுத்திருக்கிறது என்று கணக்கில்லை. பாசெட் ஹார்ன் எஃப் என்பதால், பிரெஞ்சு ஹார்ன் பார்ட்டும் இங்கிலிஷ் ஹார்ன் பார்ட்டும் அதே மாதிரி கைக்கு வரும். அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இங்கிலிஷ் ஹார்ன் இல்லாமல் தவிப்பது வழக்கம் என்பதால் இதுவும் சின்ன விஷயம் இல்லை. சில தாள்களில் 'எஃப் சுருதி ஆல்ட்டோ கிளாரினெட்' என்று போட்டிருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதை பாசெட் ஹார்னில்தான் வாசிக்க வேண்டும்.

சரி, ரெக்வியத்தை ஆல்ட்டோவில் வாசிக்கலாமா? வாசிக்கலாம், பல இடங்களில் வாசிக்கிறார்கள். பாசெட் ஹார்ன் பார்ட்டில் இருப்பதை ஒரு முழுச்சுரம் மேலே ஏற்றி எழுதிக்கொள்ள வேண்டும். 'ரெக்கார்டாரே'யில் பாசெட் ஹார்ன் தாளில் சி மேஜராக இருப்பது உங்களுக்கு டி மேஜர் ஆகும். தொடக்கப் பகுதியின் ஏ மைனர் உங்களுக்கு பி மைனர். கண்ணால் பார்த்து மாற்றிக்கொண்டே வாசிக்க முயலாதீர்கள், உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எட்டாமல் போகும் ஸ்வரம் ஒன்றே ஒன்று, பாசெட் ஹார்னின் கடைசி சி. அது வருகிற இடத்தில் மேல் ஸ்தாயியில் வாசிக்க வேண்டியதுதான். ஆனால் இதைத் தீர்மானிக்கும் உரிமை இசைக்குழு நடத்துநருக்கும் பக்கத்தில் உட்காரும் இன்னொரு வாசிப்பாளருக்கும் உண்டு. ஒருவர் ஒடுங்கிய பாசெட் ஹார்னும் மற்றவர் ஆல்ட்டோவுமாக உட்கார்ந்தால் இரண்டும் ஒட்டாது. இரண்டு ஆல்ட்டோவாகவே இருந்தால் அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். என் முதல் ஆல்ட்டோவை ஒரு கடையில், படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, அவசரமாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் அது ஈயோடு நிற்கும் பழைய மாடல் என்று தெரிந்தது. ஈ ஃப்ளாட் கீயே கிடையாது. பேண்ட் பார்ட்டில் முதல் வாரமே அந்த ஸ்வரம் வந்தது. பாசெட் ஹார்ன் பார்ட்டுகளை எடுத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்வரம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு விற்கப்போகிறவரிடம் வலது சுண்டுவிரல் கீகளை அருகில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பி ஃப்ளாட்டில் நான்கு இருக்கும், ஈ ஃப்ளாட் வரை போகும் ஆல்ட்டோவில் அதற்கு மேல் ஒன்று கூடுதலாக இருக்கும்.

ஆல்ட்டோவுக்குக் கெட்ட பெயர் ஒன்று உண்டு, மூச்சு உள்ளே போகாது, மேல் ஸ்தாயி கத்தும் என்று. அந்தப் பெயரில் பெரும்பங்கு கருவியைப் பராமரிக்காதவர்களால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளி பேண்டுகளில் 30 ஆண்டு கிடந்து, பேட் (துளைகளை மூடும் மெத்தை) ஒன்றுகூட மாற்றாமல், பெட்டியோடு வந்த மலிவு மவுத்பீஸோடு கைமாறும் கருவிகள் இவை. பெரிய பேட்கள், நீளமான கம்பிகள், சின்னதாக ஒன்று வளைந்தாலும் காற்று கசியும். போய்ப் பார்க்கும்போது மேல் பாகத்தை மட்டும் தனியாக எடுங்கள். எல்லாக் கீகளையும் மூடி, அடி முனையை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் உறிஞ்சுங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வெற்றிடம் இரண்டு மூன்று வினாடி நிற்க வேண்டும், வாயை எடுக்கும்போது 'பொக்' என்று சத்தம் வர வேண்டும். கீழ்ப் பாகத்துக்கும் அப்படியே. பிறகு சேர்த்து மாட்டி, அடி எஃபை மெதுவாக ஊதி, ரெஜிஸ்டர் கீயைத் (மேல் ஸ்தாயிக்குத் தாவ உதவும் கீ) தொட்டு மேலே தாவுங்கள். தயங்காமல் தாவினால் நல்ல அறிகுறி. அடுத்து நடுவிலிருக்கும் ஏ, பி ஃப்ளாட்டிலிருந்து மேலே பி, சிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே கொஞ்சம் அடைத்தது போல இருப்பது ஆல்ட்டோவின் பிறவிக்குணம், முழுக்கத் திக்குவது மட்டும் கோளாறு. இடது ஆள்காட்டி விரல் மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது உச்ச ஸ்தாயிக்கு உதவுவது. அதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாப் பேடும் மாற்ற வேண்டிய நிலை என்றால், அந்தச் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடலாம். அப்போது அது குறைந்த விலை இல்லை.

விலையைப் பொறுத்தவரை: பழைய பிளாஸ்டிக் ஆல்ட்டோ சில நூறு டாலரிலிருந்து கிடைக்கும். பெயர்பெற்ற பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களின் புது பாசெட் ஹார்ன் 10,000 டாலரைத் தாண்டும். இவ்வளவு பெரிய இடைவெளியில் "எது நல்ல கருவி" என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. உங்கள் வாரங்களை எண்ணிப் பாருங்கள். பேண்ட் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல், நால்வர் குழு இருபதுக்கு மேல். ரெக்வியம் ஒத்திகைகளோடு சேர்த்து ஆறேழு வாரம், அதுவும் ஒரே ஒரு முறை. அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஆல்ட்டோ அந்தச் சோதனைகளில் தேறினால் அதை வாங்கிவிடுவேன், ஒரு நல்ல மவுத்பீஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவேன். ரெக்வியத்துக்கு பாசெட் ஹார்னை வாடகைக்கு எடுப்பேன். ஆர்கெஸ்ட்ராவே இரண்டு பாசெட் ஹார்ன்களையும் ஒரே மாதிரியாக எடுத்துத் தருமா என்று முதலில் கேட்பேன். முதல் ஒத்திகைக்கு ஒரு மாதம் முன்பாவது கையில் வர வேண்டும், கட்டைவிரல் கீகளுக்கு அந்த அவகாசம் தேவை.

இந்த யோசனை தலைகீழாக மாறும் நிலை ஒன்று உண்டு. உங்கள் பேண்டில் ஆல்ட்டோ பார்ட்டே வருவதில்லை என்றால் (புதிதாக வரும் பேண்ட் இசையில் பலதில் அது இல்லை, இருந்தாலும் வேறொரு கருவியின் வரியைத்தான் இரட்டிக்கும்), நால்வர் குழு ஒன்றுக்காக மட்டும் ஆல்ட்டோ வாங்குகிறீர்கள் என்று ஆகிவிடும். அப்போது அவசரப்பட வேண்டாம். வாடகை பாசெட் ஹார்னை நால்வர் குழுவுக்கும் எடுத்துப் போய், ஆல்ட்டோ பார்ட்டை ஒரு முழுச்சுரம் கீழே இறக்கி எழுதி வாசித்துப் பாருங்கள். ஆறு வாரம் கழித்தும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்றால், பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

பேண்ட் நூலகத்தில் போன இரண்டு ஆண்டுகளில் வாசித்த படைப்புகளை எடுத்து, எத்தனையில் ஆல்ட்டோ பார்ட் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள். விற்பவரின் கருவியின் படங்களையும் போட்டால், கீகளைப் பார்த்து எந்த ஸ்வரம் வரை போகும் என்று சொல்கிறேன்.